சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரித்திருக்க மாட்டேன். போட்டோ எடுத்தவர், "மாப்ள, கொஞ்சம் சிரிங்க, உங்களுக்குத்தான் கல்யாணம்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். பெண் வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பையன் அமைதி, அநாவசியமாக வாயைத் திறக்க மாட்டான் என்று தரகர் சொன்னதைக் கேட்டுத்தான் அவர்கள் பெண் கொடுத்ததே.

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியின் அருகே நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொம்போடு வந்தாள். நான் திரும்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள்.

"அமைதியான பையன்னாங்க" என்றாள். "இதுக்குத்தான் அமைதியா?"

என் முன் பற்கள் பழுப்பாக இருக்கும். கறுத்த டீ வடிந்து காய்ந்தது போல நடுவில் பட்டை பட்டையாகக் கறை, ஓரங்களில் அரித்த தடம், ஒன்றிரண்டு குழிகள். விளக்கினால் போகாது. செங்கல் தூள், உப்பு, எலுமிச்சை, அடுப்புக்கரி எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அதனால் ஊருக்குள் இருக்கும்வரை அது ஒரு குறையாகத் தெரியாது. தருமபுரி பஸ்ஸில் ஏறினால் தெரியும்.

போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்று இன்று எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தச் சொல்லை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தந்தார்கள், அதுவும் முக்கால்வாசி தப்பாக. கூடப் படித்தவர்கள், பல் விளக்காதவன் என்றார்கள். முடிவெட்டுபவர், இது அப்பன் ரத்தத்தில் வருவது என்றார். தொப்பூரில் நான் டீ மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்த ஓட்டலில் முதலாளி, "நீ டீ போடுறியா, இல்ல பாய்லரையே வாய்ல கவுத்துக்கறியா?" என்று கேட்டார். டீயால்தான் கறை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டீ குடிப்பதை நிறுத்திப் பார்த்தேன். டீ மாஸ்டர் டீ குடிக்காததைப் பார்த்து, இவன் போடும் டீயில் என்னவோ இருக்கிறது என்று லாரிக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். மறுபடியும் குடித்தேன்.

என் மனைவி ஆற்றோரத்து ஊர்க்காரி. அந்த ஊரில் எல்லாருக்கும் பல் அரிசி போல இருக்கும். கல்யாணமான புதிதில் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தாள், ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில். தனக்கு ஒட்டவில்லை என்று தெரிந்ததும் அந்தத் தனி டம்ளரை எடுத்துவிட்டாள். கர்ப்பமானபோது அந்தப் பயம் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது.

"குழந்தைக்கு வருமா?" என்றாள்.

"தெரியலையே."

"பொண்ணாப் பொறந்து இந்தப் பல்லும் வந்துச்சுன்னா யாரு கட்டுவான்? ஆம்பளைன்னா அமைதின்னு சொல்லி ஏமாத்தலாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஒரே பேச்சுதான். பிறக்கப்போவது யாராக இருந்தாலும் அதற்குப் பல் வெள்ளையாக வர வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மெஷின் விற்கும் ஒருவர் வந்தார். தங்கையைப் பார்க்க என் மச்சானும் வந்திருந்தார். மச்சான் எதிலும் முன்னால் நிற்பவர். அவர்தான் அந்த ஆளைக் கூப்பிட்டு எங்கள் வாசலில் உட்கார வைத்தார். தெருவே கூடிவிட்டது.

அந்த ஆள் இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து தொங்கிய கம்பிகளை இரண்டிலும் விட்டு, சுவிட்சைப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே சாக்கடை நுரை போல ஒன்று கட்டியது. மெஷின் தண்ணீர் அப்படியே நின்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதைத்தாம்மா தெனமும் குடிக்கறீங்க" என்றார் அவர். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் என்னிடம் வந்து நின்றார். "அண்ணா, ஒரு நிமிசம். ஈன்னு காட்டுங்க."

நான் தலையை ஆட்டினேன். மச்சான் என் தாடையைப் பிடித்து, "அட காட்டு மாப்ள, நல்லதுக்குத்தான் கேக்கறாரு" என்று உதட்டைத் தூக்கிவிட்டார்.

"பாருங்க!" என்றார் அந்த ஆள், டம்ளரை என் வாயருகே பிடித்தபடி. "கலர் மேட்ச் ஆகுதா இல்லையா?"

தெரு முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள்தான், அதே பல்லோடு சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல வருடம் கழித்து மச்சான் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்து வருவதில்லையாம். உள்ளே விடும் இரும்புக் கம்பி கரைந்து வரும் துருவாம். எல்லா உப்பையும் எடுத்துவிட்டதால் மெஷின் தண்ணீரில் கரண்டு அவ்வளவாகப் பாயாது, அதனால் அதில் துரு கிளம்பாது. "துருவுக்கும் உன் பல்லுக்கும் கலர் மேட்ச் பண்ணான் பாரு, அவன் ஆளு!" என்று மச்சான் என் தோளில் தட்டிச் சிரித்தார். தாடையைப் பிடித்துத் தூக்கியது அவர் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

மெஷின் எங்களால் வாங்க முடியவில்லை. ஆனால் தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது என்பது மட்டும் என் மனைவியின் மனத்தில் நின்றுவிட்டது. அந்த மட்டில் சரி. பெண் குழந்தை பிறந்தது. நர்சம்மா வீட்டுக்கு வந்தபோது, குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார். கிருமிக்காக அவர் சொன்னார். அந்த மட்டில் அதுவும் சரி. இந்த இரண்டு சரிகளையும் சேர்த்து என் மனைவி மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குக் கசாயம் வைத்தால் பாதியாகச் சுண்டும்வரை விடுவார்கள். சுண்டினால்தான் அதில் சாரம், சுண்டாதது வெறும் வெந்நீர். அந்தக் கணக்கில் அவள் குழந்தையின் தண்ணீரையும் சுண்ட வைத்தாள். லேசாகக் கொதித்தால் கிருமி சாகும், பாதியாகச் சுண்டினால் பல்லைக் கெடுப்பதும் சாகும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விறகு வெட்டிப் போட்டவன் நான்தான். குடிக்க அந்தத் தண்ணீர், கேழ்வரகுக் கூழ் காய்ச்ச அந்தத் தண்ணீர், பால் பவுடர் கரைக்கவும் அதே தண்ணீர்.

அதற்குச் சாட்சியும் கிடைத்தது. பானையின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். வாரம் ஒருமுறை அதைக் கொட்டாங்கச்சியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் காட்டுவாள். "பாருக்கா, இத்தனையும் எம்பொண்ணு வயித்துக்குள்ள போயிருக்கும். தடுத்து நிறுத்திட்டேன்."

குழந்தைக்குப் பல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று முளைத்தது.

மச்சான் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கூட்டு ரத்தம்!" என்றார். என் மனைவி, "ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல, என் அடுப்பு" என்றாள். நான் வேலை முடிந்து தொப்பூரிலிருந்து வந்ததும் முதலில் குழந்தையைச் சிரிக்க வைத்துப் பார்ப்பேன். கிச்சுகிச்சு மூட்டினால் வாயை முழுக்கத் திறந்து சிரிக்கும். வாயைத் திறந்து சிரிக்கிற ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருந்ததே எனக்குப் புதுசாக இருந்தது.

கைக்குழந்தை வைத்திருந்த தெருப் பெண்கள் எல்லாரும் வந்து கேட்டார்கள். என் மனைவி ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். எத்தனை பானைக்கு எவ்வளவு விறகு, எந்த அளவுக்கு இறங்கினால் இறக்க வேண்டும், எல்லாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெளியூர்க்காரியாகவே இருந்தவளுக்கு அப்போதுதான் தெருவில் ஒரு மரியாதை வந்தது. சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பானை கொதிக்கும்.

என் பெண்ணுக்கு நாலு வயதாக இருந்தபோது தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. கடைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் எல்லாரும் டீக்கு இறங்கிவிட்டார்கள். அதில் ஆந்திரா பக்கத்து டிரைவர் ஒருவர். கழுத்தை மட்டும் திருப்ப அவருக்கு வராது, முழு ஆளாகத் திரும்பினார். பெஞ்சில் உட்காரவே ஒரு கையை ஊன்றி மெதுவாக இறங்கினார். அடுப்புப் புகையில் நான் இருமியபோது என் வாயைப் பார்த்துவிட்டார்.

"அன்னா, எந்தத் தண்ணி?" என்றார்.

எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தன் வாயைத் திறந்து காட்டினார். என் பல்லை இன்னொருவர் வாயில் வைத்தது போல இருந்தது. எங்கள் சீமையைத் தாண்டி இது எங்கேயும் இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்க ஊர்ல எல்லாத்துக்கும் இதான்" என்றார். "பல்லோட உட்டா பரவால்ல. வருசக்கணக்கா குடிச்சா எலும்புல எறங்கும். எங்க அப்பனுக்கு முதுகு இப்பிடி வளைஞ்சு தரையப் பாத்துத்தான் நடப்பாரு. எனக்குக் கழுத்து போச்சு."

"வண்டி எப்படிங்க ஓட்டறீங்க?"

"கண்ணாடி இருக்குல்ல. பின்னாடி வர்றவன நான் எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. பெருமையாகச் சொன்னேன்: "எம் பொண்ணுக்கு இது இல்லீங்க. பல்லு வெள்ளை. வூட்ல தண்ணிய நல்லாக் காய்ச்சி, பாதியாச் சுண்டவச்சுத்தான் குடுக்கறோம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

"சுண்டவச்சா? யாரு சொன்னது ஒனக்கு? அன்னா, கடல் தண்ணிய வெயில்ல உட்டா என்ன மிஞ்சும்?"

"உப்புங்க."

"தண்ணி ஆவியாப் போச்சு. உப்பு போச்சா? இந்த விசமும் அப்பிடித்தான். அது கிருமி இல்ல சாவறதுக்கு. ரெண்டு சொம்புல இருந்த விசத்த ஒரே சொம்புல போட்டுப் புள்ளைக்கு ஊத்தியிருக்க."

"பல்லு வெள்ளையா இருக்குதுங்களே."

"பால் பல்லு எங்க ஊர்லயும் வெள்ளதான். அதை நம்பாத. ரெண்டாம் பல்லு இப்பவே ஈறுக்குள்ள தயாராயிட்டு இருக்கு. விழுந்து மொளைக்கட்டும். உங்க சமையல் எப்படின்னு அப்பத் தெரியும்."

பாதை திறந்துவிட்டார்கள். அவர் கையை ஊன்றி எழுந்து, முழு ஆளாகத் திரும்பி, போய்விட்டார். நான் அன்று போட்ட டீ எதிலும் சர்க்கரை இல்லை என்று முதலாளி திட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி நம்பவில்லை. "நர்சம்மாவை விட லாரிக்காரன் பெரிய ஆளா? அப்ப பானை அடியில நிக்கற வெள்ளை என்ன, உங்க ஆயா போட்ட சுண்ணாம்பா?"

அது நிஜமாகவே தண்ணீரில் இருந்த சுண்ணாம்புதான் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு எதிர்த்துப் பேச வராது. அடுப்பில் ஒரு சட்டியை வைத்தேன். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் தண்ணீரை ஊற்றி, அவளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். "லேசாக் கரிக்குது" என்றாள். பாதியாகச் சுண்டும்வரை இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஆறவைத்து மறுபடி கொடுத்தேன். வாயில் வைத்தவள் துப்பிவிட்டாள். துப்பிய இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது தெரிஞ்சுக்க ஒரு சிட்டிகை உப்பு போதும்" என்றாள். "நாலு வருசமா உங்க கைக்கு அது எட்டலை."

பானையைத் தூக்கி வெளியில் எறிந்தாள். அது மண்பானை இல்லை, அலுமினியம். உடையக்கூட இல்லை, தெருவில் உருண்டு சத்தம் போட்டது. அந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அதற்கு மாறினோம். வராத நாட்களில் மச்சான் ஊரிலிருந்து கேன் வந்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ஈறுக்குள் நடந்து முடிந்ததைப் பார்க்க எங்களிடம் கண் இல்லை. தெருப் பெண்களிடம் என் மனைவி எதுவும் சொல்லவில்லை. ஒருவேளை லாரிக்காரன் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று அவள் காத்திருந்தாள்.

முதல் பால் பல் விழுந்தது. சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்தோம். நல்ல பல்லாக முளைக்கட்டும் என்று என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். சில வாரத்தில் ஈறைக் கிழித்துக்கொண்டு புதுப் பல் வந்தது. வெள்ளை. பால் பல்லை விட வெள்ளை, சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளை. அவள் ஓடிப்போய்ச் சூடம் கொளுத்தினாள். "உங்க லாரிக்காரனைக் கூட்டிட்டு வாங்க, ஒரு வார்த்தை கேக்கணும்" என்றாள். அன்று அவளோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டினேன்.

சுண்ணாம்பு போல முளைப்பதும் அந்த நோயின் வேலைதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நல்ல பல் அப்படி வெளுத்து இருக்காது, கண்ணாடி போலக் கொஞ்சம் மினுங்கும். ஒரு வருடத்துக்குள் நடுவில் பழுப்புக் கோடு விழுந்தது. பிறகு பக்கத்துப் பல்லில். பிறகு கோடு பட்டையானது. என் பல்லில் இருப்பதைவிட அடர்த்தி.

தெருவில் மற்ற பிள்ளைகளுக்கும் பல் விழுந்து முளைத்தது. அந்தப் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். முன்பு விறகுக் கணக்கு கேட்க வந்த அதே பெண்கள்தான். ஒருத்தி தன் மகனை இழுத்து வந்து, அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "உன் புருசன் பல்லை ஊருக்கே பங்கு போட்டுக் குடுத்துட்டியேடி!" என்றாள். சுண்டவைக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கறை வரத்தான் செய்தது. ஆனால் யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் எங்களுக்குப் பையன் பிறந்தான். பிறந்ததிலிருந்து ஆற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் கேன். விருந்துக்குப் போனாலும் அவனுக்குத் தனி பாட்டில். அவனுக்கு இரண்டாம் பல்லும் முளைத்துவிட்டது. மினுங்குகிறது.

என் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் என்னைப் போல வாயை மூடுவதில்லை. யாராவது பல்லை உற்றுப் பார்த்தால் இன்னும் நன்றாகக் காட்டுவாள். போன மாதம் பொம்மிடி பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. பந்தியில் எதிர்வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். தம்பியையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே வயித்துல பொறந்ததுங்க, ஒண்ணு அரிசி, ஒண்ணு கம்பு" என்றார்.

"நான் டெஸ்ட் பீசு மாமா" என்றாள் என் பெண், வாயை அகலத் திறந்து. "என் வாயில வச்சுப் பாத்துத்தான் இவங்க கத்துக்கிட்டாங்க. இவன் ஃபைனல் பீசு."

பந்தியே சிரித்தது. என் மனைவி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அப்போது பரிமாறுகிறவர் பையனுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவன் டம்ளரைத் தூக்கியதும் என் பெண் வெடுக்கென்று பிடுங்கினாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "போர் தண்ணி. குடிக்காதடா." அவன் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அவன் சிணுங்கினான். அவள், "உனக்குத்தான் பல்லு இருக்கு, எனக்கென்ன? எனக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அந்த டம்ளரைத் தன் வாயில் கவிழ்த்தாள்.

முழு ஆளாகத் திரும்பிய அந்த டிரைவர் என் கண்முன் வந்தார். கழுத்தையும், அவர் அப்பாவின் முதுகையும் பற்றி நான் வீட்டில் சொன்னதே இல்லை. பல்லைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அன்று என் மனைவிக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

"குடிக்காத!" என்றேன். வாயை மூடக் கை போகவில்லை. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பந்தியில் எல்லாரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். "பல்லோட நிக்காது அது. வருசக்கணக்காக் குடிச்சா எலும்புல எறங்கும். கழுத்து திரும்பாது. முதுகு வளைஞ்சுரும்."

"மாப்ளைக்கு வாய் இருக்குதுடோய்!" என்றார் மச்சான்.

என் பெண் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். அதில் பாதிதான் மீதி இருந்தது.

"இதுவும் அந்த லாரிக்காரர் சொன்னதா?"

"ஆமா."

"அன்னிக்கே சொன்னாரா?"

"ஆமா."

அவள் மிச்சத் தண்ணீரைத் தன் இலையில், சாப்பிடாமல் இருந்த சோற்றின் மேல் ஊற்றினாள். இலையை மடித்தாள்.

"இன்னும் என்னென்ன பாக்கி வச்சிருக்கப்பா?" என்றாள். "மொத்தமாச் சொல்லிடு. வருசத்துக்கு ஒண்ணா வேணாம்."